அது தேளி இல்லை ஆத்தா

போன வாரம் சந்தைக்குப் போயிருந்தேன். மண்வெட்டிக்குப் புதுப்பிடி போடணும், ரெண்டு கிலோ சின்ன வெங்காயம் வாங்கணும், அவ்வளவுதான் வேலை. மீன் விக்கிற பக்கம் போற எண்ணமே இல்லை. ஆனா "நாட்டுத் தேளி... உயிர்த் தேளி..."ன்னு ஒரு பையன் கூவுனது காதுல விழுந்ததும் கால் தானா அந்தப் பக்கம் திரும்பிடுச்சு.

நீலக்கலர் பிளாஸ்டிக் டிரம். உள்ள பாதி தண்ணி. அதுல கருகருன்னு முழங்கை நீளத்துக்கு மீன் நெளியுது. ஒரு வயசான அம்மா, என் ஆத்தா இருந்திருந்தா அந்த வயசுதான் இருக்கும், முந்தானை முடிச்ச அவிழ்த்து காசு எண்ணிக்கிட்டு நின்னாங்க. "பேரனுக்கு டெங்கு காய்ச்சல் வந்து இப்பத்தான் எழுந்து உக்காந்திருக்கான் தம்பி. தேளி வாங்கிக் குழம்பு வச்சுக் குடுத்தா தெம்பு வரும்"னு பையன்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தாங்க.

எனக்கு வாய் சும்மா இருக்கலை. "ஆத்தா, அது தேளி இல்லை. ஆப்பிரிக்கன் கெளுத்தி. தேளின்னா இதுல கால்வாசிதான் இருக்கும்"னு சொல்லிட்டேன்.

பையன் என்னை நிமிர்ந்து பாத்தான். எங்க பக்கத்து ஊருப் பையன்தான். கோவப்படலை. சிரிச்சான். "என்னண்ணே இப்படிச் சொல்றீங்க? நீங்களே வளத்த மீன்தானே இது"ன்னான்.

சுத்தி நின்ன நாலு பேரும் என்னைப் பாத்தாங்க. எனக்குப் பதில் வரலை. ஏன்னா அவன் சொன்னது நெசம்.

அதைத்தான் இன்னைக்கு எழுதலாம்னு உக்காந்தேன். அஞ்சு வருசத்துக்கு முன்னாடியே எழுதியிருக்கணும்.

முதல்ல தேளியப் பத்தித் தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் சொல்லிடறேன். பட்டணத்துல இருக்கிற பசங்க நெறைய பேருக்கு கெளுத்தி தெரியும், விரால் தெரியும், தேளி தெரியாது.

தேளி ஒரு சாண், மிஞ்சிப்போனா ஒரு அடி வளர்ற மீன். செதில் கிடையாது. உடம்பு முழுக்க வழவழன்னு கொழகொழப்பு. கருஞ்செவப்பா இருக்கும், சேத்துக்குள்ள கெடந்தா கருப்பாவே தெரியும். வாயைச் சுத்தி நாலு ஜோடி மீசை. நெஞ்சுப் பக்கத் துடுப்புல ரெண்டு பக்கமும் முள். அந்த முள்ளுல விஷம் உண்டு. தேள் மாதிரி கொட்டுறதாலதான் தேளின்னு பேரு வந்துச்சுன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. பத்து வயசுல நான் ஒரு கொட்டு வாங்கியிருக்கேன். மடை வாயில கையை விட்டுத் துழாவுனப்ப கட்டைவிரல்ல குத்திடுச்சு. வலி தோள்பட்டை வரைக்கும் ஏறிச்சு. ஊரே கேக்குற மாதிரி அழுதேன். அப்பாயி ஒரு சட்டியில கை பொறுக்குற சூட்டுக்குத் தண்ணி வச்சு, அதுல கையை முக்கி வச்சுக்கிட்டே உக்காந்திருந்தாங்க. கொஞ்ச நேரத்துல வலி எறங்கிடுச்சு. இந்த மீனோட விஷம் சூட்டுக்கு வீரியம் கெட்டுப்போற வகைன்னு ரொம்ப வருசம் கழிச்சுத்தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அப்பாயி எந்தப் புத்தகத்துல படிச்சாங்கன்னு தெரியலை. (வெந்துபோற சூட்டுல கையை வைக்காதீங்க. வீக்கம் எறங்கலைன்னாலோ மூச்சு முட்டுனாலோ ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.)

இந்த மீனோட பெரிய வித்தை என்னன்னா, இது காத்தைக் குடிச்சும் உயிர் வாழும். நெறைய மீனுக்குச் செவுள் மட்டும்தான். தேளிக்குச் செவுளோட சேத்து ரெண்டு காத்துப் பை இருக்கு. செவுள் அறையில ஆரம்பிச்சு, முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் சதைக்குள்ளயே வால் பக்கம் வரைக்கும் நீளமா ஓடும். அதனாலதான் தண்ணி கெட்டுப்போய் கெண்டையெல்லாம் செத்து மெதக்குற குட்டையிலயும் தேளி மட்டும் அப்பப்ப மேல வந்து ஒரு வாய் காத்தைக் குடிச்சுட்டுக் கீழ போயிடும். கோடையில குட்டை வத்துனா ஈரச் சேத்துக்குள்ள பூந்துக்கும். பிடிச்சு ஒரு குடத்துல கொஞ்சம் தண்ணி ஊத்திப் போட்டு வச்சா நாள் கணக்கா உசுரோட கெடக்கும். எங்க வீட்டு அடுப்படி மூலையில எப்பவும் ஒரு பழைய பானை இருக்கும். அப்பாயிக்கு அதுதான் ஃப்ரிட்ஜு. வேணுங்கறப்ப ரெண்டு மீனை எடுத்துக்குவாங்க.

இன்னொரு சேதி. இந்த மீனுக்கு அறிவியல் பேரு ஹெட்டிரோநியூஸ்டிஸ் ஃபாசிலிஸ். 1794ல பிளாக்ன்னு ஒரு ஜெர்மன்காரர்தான் முதமுதல்ல இதை எழுதி வச்சார். அவர் பாத்த மீன் எங்கேர்ந்து போச்சு தெரியுமா? நம்ம தரங்கம்பாடியிலேர்ந்து. உலகம் முழுக்க விஞ்ஞானிங்க இந்த மீனைப் பத்திப் பேசுறப்ப நம்ம டெல்டா மண்ணுலேர்ந்து போன மீனைத்தான் பேசுறாங்க. ஃபாசிலிஸ்னா லத்தீன்ல தோண்டி எடுத்ததுன்னு அர்த்தம். சேத்தைத் தோண்டித் தேளி எடுத்த எங்க தாத்தாவுக்கு இது தெரிஞ்சிருந்தா சிரிச்சிருப்பார்.

சாப்பாட்டு விசயத்துக்கு வர்றேன். சம்பா அறுப்பு முடிஞ்சு தை, மாசியில வாய்க்கால் வத்த ஆரம்பிச்சா ஊருக்குள்ள மீன் வாசனைதான். ஊத்தா, தூரி, கச்சான்னு ஆளுக்கு ஒண்ணைத் தூக்கிக்கிட்டு எறங்கிடுவோம். தேளியப் பிடிச்சதும் முதல்ல முள்ளை ஒடிச்சுடணும். அப்புறம் அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டாத்தான் கையில நிக்கும். சாம்பலும் கல்லுப்பும் போட்டு, சொரசொரப்பான மண்சட்டியில தேச்சுத் தேச்சுக் கொழகொழப்பு போற வரைக்கும் ஆயணும். அதுல சோம்பேறித்தனம் பண்ணா குழம்பு சேத்து வாடை அடிக்கும். அப்புறம் நல்லெண்ணெய், வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, கெட்டியாக் கரைச்ச புளி, அம்மியில அரைச்ச மல்லி மிளகாய். குழம்பு கொதிச்சு எண்ணெய் பிரிஞ்ச பிறகுதான் மீனைப் போடணும். மாங்காய் கெடைச்சா ரெண்டு துண்டு. சதை மெத்துனு இருக்கும், நடுமுள்ளு ஒண்ணுதான், சின்னப் புள்ளைக்குக் கூட பயமில்லாம எடுத்து ஊட்டலாம். மறுநாள் காலையில பழைய சோத்துக்கு அந்தக் குழம்பு... சரி வேணாம், விடுங்க.

காய்ச்சல்ல விழுந்து எழுந்தவங்களுக்கு எங்க வீட்டுல தேளிதான். புளி கொறைச்சு, மிளகு சீரகம் போட்டு ரசம் மாதிரி வச்சுக் குடுப்பாங்க. இது நம்ம ஊரு வழக்கம் மட்டும் இல்லை. வங்காளத்துல இதே மீனுக்கு ஷிங்கின்னு பேரு. அங்கயும் நோயாளிக்கு, பத்தியச் சாப்பாட்டுக்கு, ஷிங்கி மீன் குழம்புதான். சந்தையில உசுரோட இருந்தாத்தான் வாங்குவாங்க. மருந்துன்னு நான் சொல்ல மாட்டேன். கொழுப்பு கம்மி, இரும்புச் சத்து நல்லா இருக்கு, சீக்கிரம் செரிக்கும். சோறு எறங்காத வாய்க்கு எறங்குது. அது போதும்.

இதான் தேளி. அப்ப அந்த டிரம்முல இருந்தது?

அது கிளாரியஸ் காரிபைனஸ். ஆப்பிரிக்கன் கெளுத்தி, ஆப்பிரிக்கன் தேளின்னு ஆளுக்கு ஒரு பேரு சொல்றாங்க. இதுவும் காத்தைக் குடிக்கிற மீன்தான். ஆனா வளத்தி ஒரு மீட்டரைத் தாண்டும். எதையும் திங்கும். புழு, நத்தை, தவளை, மத்த மீனு, மத்த மீனோட குஞ்சு, செத்தது, அழுகுனது, எல்லாம். இந்தியாவுல இதை வளக்கக் கூடாதுன்னு மத்திய அரசு 2000லயே தடை போட்டுடுச்சு. 2019ல தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் இதை அழிக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. நம்ம மாவட்டங்கள்லயும் கலெக்டர் அறிவிப்பு அப்பப்ப பேப்பர்ல வருது. நானும் படிச்சிருக்கேன். ஆனா படிச்சது வளத்ததுக்கு அப்புறம்.

2018 நவம்பர்ல கஜா புயல் வந்துச்சு. டெல்டாவுல இருக்கிறவங்களுக்கு அதைச் சொல்லவேண்டியதில்லை. எங்க அப்பா வச்ச தென்னை நாப்பத்தி மூணு மரம். ஒரே ராத்திரியில முப்பத்தெட்டு சாஞ்சுடுச்சு. தென்னை திரும்ப காய்க்கறதுக்கு வருசக்கணக்காகும். அதுவரைக்கும் புள்ளைங்க ஃபீஸுக்கு என்ன பண்றது? அந்த நேரம் பாத்து ஒரு மீன்குஞ்சு வியாபாரி ஊருக்குள்ள வந்தார். "கெளுத்திக் குஞ்சு சார். ஆறு மாசத்துல ஒரு கிலோ. தீவனச் செலவே கெடையாது. கோழிக்கடைக் கழிவைக் கொட்டுங்க, போதும். தண்ணி மாத்த வேணாம், மோட்டார் போட வேணாம். சாகவே சாகாது"ன்னார். தடை செஞ்ச மீனுன்னு ஒரு வார்த்தை சொல்லலை. நானும் ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருக்கலாம். கேட்டா வேற பதில் வந்துடுமோன்னு உள்ளுக்குள்ள ஒரு பயம். அதையும் சொல்லிடணும்ல.

பதினஞ்சு சென்ட் குட்டை. 2019 ஆடியில குஞ்சு விட்டேன். தெனமும் சாயங்காலம் டிவிஎஸ்ஸுல ரெண்டு பக்கெட் கோழிக்கழிவு கொண்டாந்து கொட்டுவேன். கொட்டுன உடனே தண்ணி கொதிக்கிற மாதிரி ஆயிடும். அந்த வேகத்தைப் பாத்து என் பொண்ணு குட்டைப் பக்கமே வராது. நாத்தம்னா அப்படி ஒரு நாத்தம். பக்கத்து வீட்டு சித்தி நேரடியா எதுவும் சொல்லலை, ஆனா அந்தப் பக்கத்து ஜன்னலைத் தெறக்கறதை நிறுத்திட்டாங்க. முதல் அறுவடையில நல்ல காசு வந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். நெல்லுல மூணு போகத்துல பாக்காத காசு. ரெண்டாவது தடவையும் விட்டேன்.

அந்த ரெண்டாவது தடவை மீனு முக்கால் கிலோ வந்தப்பதான் 2020 டிசம்பர் புரெவி மழை. நாலு நாள் விடாமப் பேஞ்சுது. வயல் எது, வாய்க்கால் எது, குட்டை எதுன்னு தெரியலை. எல்லாம் ஒரே வெள்ளம். குட்டைக் கரைக்கு மேல முழங்கால் தண்ணி போச்சு. வலையை எடுத்துக்கிட்டு நானும் என் தம்பியும் ராத்திரி டார்ச் அடிச்சுக்கிட்டு நின்னோம். என்ன பிரயோசனம்? கண்ணு முன்னாடியே கருப்புக் கருப்பா வளைஞ்சு வளைஞ்சு வடிகாலுக்குள்ள போச்சு. அப்ப எனக்கு வந்த கவலை என்ன தெரியுமா? போன காசு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் தோணலை.

மறு வருசம் சித்திரையில வாய்க்கால் வத்துனப்ப பசங்க ஊத்தா போட்டாங்க. கத்திக்கிட்டே ஓடி வந்தாங்க. "பெரியப்பா, தேளி பாருங்க எம்மாம் பெருசு!" பாத்தேன். ரெண்டு கிலோ இருக்கும். வயித்தைக் கிழிச்சா உள்ள மூணு கெண்டைக் குஞ்சு, ஒரு தவளை. அந்த வருசம் அந்த வாய்க்கால்ல எங்களுக்குக் கெடைச்ச தேளி ஒண்ணே ஒண்ணு. பசங்க அந்தச் சின்னதைப் பாத்துட்டு "இது என்ன மீனு பெரியப்பா?"ன்னு கேட்டாங்க.

அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது. பெருசைத் தேளின்னு நெனைக்கிறாங்க. தேளியப் பாத்து என்ன மீனுன்னு கேக்கறாங்க.

இதுல நியாயமா ஒண்ணு சொல்லணும். தேளி கொறைஞ்சதுக்கு ஆப்பிரிக்கன் மட்டும் காரணம் இல்லை. என் குட்டை உடையறதுக்கு ரொம்ப முன்னாடியே தேளி கொறைஞ்சுடுச்சு. அதுக்கும் நாமதான் காரணம். குருத்துப்பூச்சிக்குன்னு ஃபோரேட் குருணையை வருசா வருசம் கை நெறைய அள்ளி வீசுனோம். வீசுன மறுநாள் வயல்ல வெள்ளையா வயித்தைக் காட்டிக்கிட்டுக் கெடக்கும், கெண்டை, குரவை, தேளி, தவளை, நண்டு எல்லாம். காக்கா கூட யோசிச்சுத்தான் கொத்தும். காத்துப் பை இருந்து என்ன, தண்ணியில இருக்கிற விஷத்துக்கு அது என்ன பண்ணும்? ஃபோரேட்டை 2020 டிசம்பர் 31க்கு மேல விக்கக் கூடாதுன்னு 2018லயே அரசாணை வந்துடுச்சு. நல்லது. ஆனா அதுக்குள்ள ஒரு தலைமுறை மீன் போயிடுச்சு. அது போதாதுன்னு பேட்டரியில கரண்ட் வச்சு மீன் பிடிக்கிறாங்க. பெருசு, சிறுசு, சினை எல்லாம் ஒரே அடியில மெதக்கும். வாய்க்காலுக்கு அடியில சிமெண்டு போட்டுட்டோம், பூந்துக்கச் சேறும் இல்லை. ஏற்கெனவே பாதி உசுரா கெடந்த எடத்துக்குத்தான் நான் ஆப்பிரிக்கனைத் தெறந்து விட்டேன்.

அதே மாதிரி, ஆப்பிரிக்கனைத் தின்னா கேன்சர் வரும், அது விஷ மீனுன்னு வாட்ஸப்புல வர்றதையும் நான் நம்பலை. நைஜீரியாவுல இது அவங்க சொந்த மீன். அங்க பண்ணை வச்சு முறையா வளத்து விரும்பிச் சாப்பிடறாங்க. அங்க அது நம்ம தேளி மாதிரி. மீனு மேல தப்பு இல்லை. அது பொறந்த எடத்துல அதைத் தின்ன முதலை இருக்கு, கூட வளந்த மத்த மீனு இருக்கு. இங்க அதுக்கு ஈடு குடுக்க எதுவும் இல்லை. அதோட, எதைப் போட்டு வளக்கறோம்ங்கறது ஒண்ணு இருக்கு. நான் கொட்டுன பக்கெட்டு எனக்குத் தெரியும். எங்க வீட்டுல அந்த மீனை ஒரு நாள் கூடக் குழம்பு வைக்கலை. நாம திங்காததை ஊருக்கு வித்தோம். இதை எழுதறதுக்கே கை கூசுது.

"ஏழைக்கு மலிவா மீன் கெடைக்குது, அதைப் போய் தடுக்கலாமா?"ன்னு ஒரு கேள்வி வரும். எங்க ஊர் டீக்கடையில தெனம் வர்ற கேள்வி இது. நல்ல கேள்விதான். ஆனா யோசிச்சுப் பாருங்க. ஏழைக்கு மலிவான மீன்னா அது வாய்க்கால் மீன்தான். காசே இல்லாமக் கெடைச்ச மீன். நடவுக்குப் போன பொம்பளைங்க சாயங்காலம் வரப்போரமா நாலு மீனைத் தட்டி எடுத்து முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் போவாங்க. யாரும் கேக்க மாட்டாங்க. நிலம் இல்லாதவனுக்கும் வாய்க்கால்ல பங்கு இருந்துச்சு. அந்த மீனைத் தின்னு தீக்கிற ஒண்ணை வளத்துட்டு, அதையே அவங்களுக்குக் கிலோ நூத்திச் சொச்சத்துக்கு வித்துட்டு, ஏழைக்கு மலிவு மீன்னு சொல்றது என்ன நியாயம்? சந்தையில முந்தானை முடிச்சை அவிழ்த்த அந்த ஆத்தா, இருவது வருசத்துக்கு முன்னாடி பேரனுக்குத் தேளிக்காகக் காசு எண்ணியிருக்க மாட்டாங்க.

ஆனா தடை போட்டா மட்டும் தீந்துடும்னும் நான் நெனைக்கலை. தடை வந்து இருவத்தஞ்சு வருசமாகுது. சந்தையில டிரம் டிரம்மா நிக்குது. அதிகாரிங்க வந்து குட்டையில மருந்து ஊத்தி அழிக்கிறாங்க, படம் பேப்பர்ல வருது. அவன் அடுத்த மாசம் அடுத்த ஊர்ல விடறான். ஏன்னா கஜா மாதிரி ஒண்ணு வந்து எல்லாத்தையும் சாச்சுட்டுப் போறப்ப, ஆறு மாசத்துல காசுன்னு எவன் வந்து நின்னாலும் விவசாயி கையை நீட்டுவான். நான் நீட்டுனேன். "அதை வளக்காதே"ன்னு சொல்ற அரசாங்கம், "இதை வள, குஞ்சு நான் தர்றேன்"னும் சொல்லணும். தேளியும் குட்டையில வளக்கக் கூடிய மீன்தான். பங்களாதேஷ்ல இதைப் பண்ணையில நெறைய வளக்கறாங்க. ஊசி போட்டு முட்டையிட வைக்கிற முறையெல்லாம் எப்பவோ வந்தாச்சு. பீகார்ல மாகுர்னு சொல்ற நாட்டு மீனை, ஆப்பிரிக்கனோட இனத்துலயே நம்ம நாட்டு மீன் அது, மாநில மீனாவே அறிவிச்சு வச்சிருக்காங்க. நமக்கு மீனுக்குன்னு ஒரு பல்கலைக்கழகமே நாகப்பட்டினத்துல இருக்கு. தேளி அங்கேர்ந்து ஒரு பஸ் தூரத்துல சேத்துக்குள்ள கெடக்குது. ரோகு, கட்லா குஞ்சு கேட்டா கெடைக்கிற மாதிரி தேளிக் குஞ்சும் கேட்டாக் கெடைக்கணும். ஆறு மாசத்துல ஒரு கிலோ வராது, நெசம்தான். ஆனா உசுரோட நிக்கிற தேளிக்கு வெலையும் அந்த வெலை இல்லை. ரெண்டு மடங்கு குடுத்து வாங்க ஆள் இருக்கு. நான் இருக்கேன்.

நான் என்ன பண்றேன்னு கேப்பீங்க. ஊருக்கு உபதேசம் பண்ணிட்டு நான் சும்மா இருக்கக் கூடாதில்லையா?

குட்டையை 2021 கோடையில முழுசா எறைச்சுக் காயப் போட்டு, கெடந்த ஆப்பிரிக்கன் அத்தனையையும் கொன்னு சுண்ணாம்பு போட்டுக் குழி வெட்டிப் பொதைச்சேன். குருணை மருந்தை விட்டு நாலு வருசமாச்சு. வடிகாலை ஒட்டுன வயல் மூலையில ரெண்டு சென்ட் அளவுக்கு இடுப்பாழம் பள்ளம் எடுத்து விட்டிருக்கேன். அடியில சிமெண்டு இல்லை, ஷீட்டு இல்லை, வெறும் சேறு. கோடையிலயும் கொஞ்சம் ஈரம் நிக்கும். ரெண்டு சென்ட் நெல்லு நட்டம். என் சம்சாரம் முதல் வருசம் "நெல்லை விட்டுட்டுக் குழிக்கு வாடகை குடுக்கறீங்களா?"ன்னு கேட்டாங்க. ஆடிப்பெருக்கு நேரத்துல புதுத்தண்ணிக்கு எதிரேறி வர்ற மீனை மட்டும் பிடிக்காதீங்கடான்னு பசங்ககிட்ட சொல்லியிருக்கேன். அது சினை மீனு. பாதிப் பேரு கேக்கறாங்க.

முதல் ரெண்டு வருசம் அந்தப் பள்ளத்துல குரவையும் தவளையும்தான். ஒரு ஆப்பிரிக்கனும் வந்துச்சு, எடுத்துட்டேன். மூணாவது வருசம் ஒரு நாள் விடிகாலையில தண்ணி பாக்கப் போனப்ப, பள்ளத்துல 'பொளக்'குன்னு ஒரு சத்தம். வட்டம் விரிஞ்சுது. குந்தி உக்காந்து பாத்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி மேல வந்து ஒரு வாய் காத்தைக் குடிச்சுட்டுப் போச்சு. ஒரு சாண் கூட இருக்காது. போன தை மாசம் எண்ணுனப்ப பதினொண்ணு இருந்துச்சு. எல்லாத்தையும் திரும்ப விட்டுட்டேன்.

பதினொண்ணு. அந்த டிசம்பர் ராத்திரி நான் வடிகாலுக்குள்ள விட்டது எத்தனை ஆயிரம்னு எனக்கே தெரியாது. கணக்கு நேராகுமா? ஆகாது. என் காலத்துல ஆகாது. ஆனா எழுதாம இருந்தா அதை விடப் பெரிய தப்பு.

உங்களுக்கு மூணே சேதி.

குட்டை வச்சிருக்கவங்களுக்கு: குஞ்சு வாங்கும்போது "கெளுத்தி"ன்னு மொட்டையாச் சொன்னா என்ன கெளுத்தின்னு கேளுங்க. "கழிவைக் கொட்டுனா போதும், சாகவே சாகாது"ன்னு எவனாவது சொன்னா அங்கேயே எழுந்துடுங்க. நம்ம டெல்டாவுல வெள்ளம் வராத வருசம் எது? கரை உடையாத குட்டை எது?

வாங்குறவங்களுக்கு: முதுகைப் பாருங்க. தேளிக்கு முதுகுத் துடுப்பு குட்டையா, தலைக்குக் கொஞ்சம் பின்னால ஒரு சின்னத் துண்டா இருக்கும், அதுக்கு அப்புறம் முதுகு வெறுசு. ஆப்பிரிக்கனுக்கு முதுகுத் துடுப்பு தலைக்குப் பின்னால ஆரம்பிச்சு வால் வரைக்கும் நீளமா ஓடும், தலை அகலமாத் தட்டையா இருக்கும். முழங்கை நீளத்துக்குத் தேளி கெடையவே கெடையாது. இந்த ஒண்ணைத் தெரிஞ்சுக்கிட்டா போதும், எந்த டிரம்மும் உங்களை ஏமாத்த முடியாது.

வயல் வச்சிருக்கவங்களுக்கு: ஒரு மூலை. ரெண்டு சென்ட் வேணாம், ஒரு சென்ட் விடுங்க. சேத்தைச் சேறாவே விடுங்க.

சந்தையில அப்புறம் என்ன ஆச்சுன்னு சொல்லாம விட்டுட்டேன். அந்தப் பையன் அப்படிக் கேட்டதும் நான் "ஆமாப்பா, நான் வளத்தேன். அதனாலதான் சொல்றேன்"னேன். அவன் ஒண்ணும் பேசலை. ஆத்தா என்னையும் டிரம்மையும் மாறி மாறிப் பாத்தாங்க. "அப்ப தேளி எங்க தம்பி கெடைக்கும்?"னு கேட்டாங்க.

பதினொண்ணு இருக்குன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. காய்ச்சல்ல கெடந்து எழுந்த புள்ளைக்கு ரெண்டு மீனு. குடுத்திருக்கலாமோன்னு இன்னமும் மனசு அரிக்குது. "இப்ப இல்லை ஆத்தா"ன்னுதான் சொன்னேன். அவங்க காசைத் திரும்ப முடிஞ்சுக்கிட்டு, பக்கத்துக் கடையில கால் கிலோ விரால் குஞ்சு வாங்கிட்டுப் போனாங்க.

ரெண்டு வருசம் போகட்டும். அந்தப் பேரனோட ஊரு எனக்குத் தெரியும்.